பத்திரமாக வைக்கப்பட்ட வாஷர்

ரபேல் வீட்டு சோபா வாங்கி வெகுகாலமாகிறது. ஆனால் இதுவரை எந்த மனிதனும் அதன்மேல் உட்கார்ந்ததில்லை. எல்லாரும் அதன் பிளாஸ்டிக் உறைமேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மலேசியாவின் மாசாய் ஊர் வெயிலுக்கு அந்த உறை விருந்தாளியின் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். எழும்போது 'பர்ர்' என்று ஓர் ஓசை வரும். அதற்கு யாரும் சிரிக்கக் கூடாது என்பது அந்த வீட்டு மரியாதை.

டிவி ரிமோட்டும் உறைக்குள்தான். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் அலமாரியில் உறங்க, குடும்பம் மெலமைன் தட்டில் சாப்பிடுகிறது. இதைக் கஞ்சத்தனம் என்பவர்கள் ரபேலை அறியாதவர்கள். கஞ்சன் வாங்கவே மாட்டான். ரபேல் வாங்குவார், நல்லதாகப் பார்த்து வாங்குவார், வாங்கியதும் அதை உலகத்திடமிருந்து காப்பாற்றுவார். கேட்டால், "சாயாங் லா" என்பார். வீணாக்க மனம் வரவில்லை என்பதை மலாய்க்காரர்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அந்தச் சொல்லை ஒரு வாழ்க்கை முறையாக வளர்த்தெடுத்த பெருமை ரபேலையே சேரும்.

அவர் பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். மனைவி இன்பராணி செனாயில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறாள். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். வீட்டு முன்னால் நிற்பது ஒரு பழைய ஃபோர்வீல் வண்டி. ஊருக்குள் ஓட அது தேவையே இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு பாதைக்காகத்தான் அது தேவை.

இன்பராணியின் அம்மாவை அடக்கம் செய்தது கோத்தா திங்கி பக்கத்தில் ஒரு தோட்டத்தில். இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனையும் அதன் குலை ஏற்றும் லாரிகளும்தான். ஒரு மேட்டின்மேல் பத்துப் பதினைந்து சிலுவைகள். கல்லறைத் திருநாள் வருவதோ நவம்பரில். நவம்பரில் அந்தப் பாதை, பாதை என்ற பெயரை மழையிடம் திருப்பிக் கொடுத்துவிடும். போன வருஷம் பாதி வழியில் வண்டியின் பின்சக்கரம் இரண்டும் சேற்றைக் கடைந்தன. முன்சக்கரம் இரண்டும் வேடிக்கை பார்த்தன. பின்னாலேயே எடுத்துத் திரும்பி வந்தார்கள். மாசாய் வரும்வரை இன்பராணி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசும் எதையும் தாங்கக்கூடிய ரபேலுக்கு அது மட்டும் தாங்கவில்லை.

"அடுத்த வருஷம் உன்னை அம்மாகிட்ட கொண்டுபோய்ச் சேர்த்துடுவேன் இன்பா," என்றார்.

அந்த வாக்கியத்தை வேறு மாதிரி அமைத்திருக்கலாம். ஆனால் இன்பராணிக்கு அர்த்தம் புரிந்தது.

ஆகவே இந்த வருஷம் முன் ஆக்ஸிலை முழுசாகப் பிரித்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. பக்கத்து வீட்டுக் குணாளன் ஜொகூர் பாருவில் ஒரு பட்டறையில் போமன். இந்த ஊரில் மெக்கானிக்குக்கு அதுதான் பட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவினான். பேரிங் பார்த்தாயிற்று, சீல் மாற்றியாயிற்று. கடைசியில் சின்னச் சாமான்கள் வந்தன.

"அண்ணே, பெரிய சாமான் பழசா இருந்தாலும் பாத்துப் போட்டுக்கலாம்," என்றான் குணாளன். "இந்தச் சின்னதுங்க இருக்கே, இதுங்களுக்கு ஒரு தடவைதான் வாழ்க்கை." ஒரு வட்டத் தகட்டைத் தூக்கிக் காட்டினான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுக்கு நடுவில் உட்காரும் வாஷர். அதன் ஓரத்து நாக்கை மடித்து நட்டின்மேல் சாத்திவிட்டால், நட் கழன்று வராது. "மடிச்ச நாக்கை நிமித்தி இன்னொரு தடவை மடிச்சா உடைஞ்சிரும். அப்புறம் ஆக்ஸில் நுனிக்கு இந்தக் கிளிப். புதுசுன்னா பள்ளத்துல 'டக்'குனு உக்காரும். பழசு விரிஞ்சு போயிருக்கும், சத்தமே வராது."

ரபேல் இரண்டு பக்கத்துக்கும் புதுசு வாங்கி வந்தார். வலது பக்கத்தைக் குணாளன் முடித்தான். 'டக்' என்றது. அதற்குள் முதலாளி போன் போட்டுவிட்டார்; சிங்கப்பூர்ப் பாலத்துப் பக்கம் யாருடைய காரோ நின்றுவிட்டதாம். "இடது பக்கம் நீங்களே முடிச்சிருங்கண்ணே, அதேமாதிரிதான்," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

ரபேல் தனியாக நின்றார். ஒரு கையில் எண்ணெய்க் காகிதம் சுற்றிய புது வாஷர். இன்னொரு கையில் பழசு. பழசை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்தார். அதுவும் மின்னியது. மின்னுகிற ஒரு பொருளைத் தூக்கி எறிவது எந்த வேதத்தில் சொல்லியிருக்கிறது? நாக்குகள் எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை மடங்கி நிமிர்ந்தவைதான். அதனால் என்ன, மனிதன் எத்தனை முறை மடங்கி நிமிர்கிறான். சுத்தியலால் தட்டி நேராக்கி மாட்டினார். பழைய கிளிப் சத்தம் போடாமல் உட்கார்ந்தது. அடக்கமான கிளிப் என்று எண்ணிக்கொண்டார்.

புது வாஷரும் புதுக் கிளிப்பும், ஆபத்து அவசரத்துக்கு என்று, அலமாரியில் பீங்கான் தட்டுகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் இன்பராணி அவற்றைப் பார்த்தாள். வேறொருத்தியாக இருந்தால், வண்டியில் இருக்க வேண்டியது இங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டிருப்பாள். ஆனால் அவளும் அதே சபையைச் சேர்ந்தவள். தட்டில் எண்ணெய் படக்கூடாதே என்ற ஒரே கவலையோடு அவற்றை எடுத்து பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, மூடி, சுற்றிலும் டேப் ஒட்டினாள்.

கல்லறைத் திருநாளன்று பெருவழியில் வண்டி பல்லக்கு மாதிரி போனது. தோட்டத்துச் சேற்றில் இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து இழுத்தன. போன வருஷம் நின்ற இடத்தைத் தாண்டியபோது ரபேல் மெல்லத் திரும்பிப் பார்த்தார். இன்பராணி மடியிலிருந்த பூப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ஏற்றத்தில் ஸ்டியரிங் நடுங்கியது.

"ஏங்க, சக்கரம் தலையாட்டுது."

"ரோடு அப்படி."

"ரோடு அந்தப் பக்கமும்தான் இருக்கு. அந்தச் சக்கரம் ஆட்டலையே."

வண்டியை நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, மூடியைக் கழற்றினார். அடக்கமான கிளிப் கிரீஸுக்குள் விழுந்து கிடந்தது. நட் தளர்ந்திருந்தது. வாஷரின் நாக்கு ஒடிந்து, தனியாக, மிகச் சுத்தமாக மின்னியது.

குணாளனுக்குப் போன் போட்டார்.

"அலமாக்! அண்ணே, புதுசு போட்டீங்களா இல்லையா?"

ரபேல் செம்பனை மரங்களைப் பார்த்தார்.

"புதுசு எங்கண்ணே?"

"வீட்ல."

"வீட்ல எதுக்கு?"

"பத்திரமா இருக்கட்டும்னு…"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "நகத்தாதீங்க. உங்க வீட்டுச் சாவி எங்க வீட்லதானே இருக்கு, நானே எடுத்துட்டு வரேன். எந்த இடம்?"

"அலமாரில, தட்டுக்குப் பின்னால—"

"அங்க இல்ல தம்பி," என்று இன்பராணி எட்டி, போனுக்குச் சொன்னாள். "பிஸ்கட் டின்ல இருக்கு. டேப் ஒட்டியிருப்பேன், கத்தரிக்கோல் எடுத்துக்க."

ரபேல் அவளைப் பார்த்தார். அவள் சேற்றைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தது என்பதில் இன்றுவரை இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

சிரிப்பு அடங்கியதும் இன்பராணி சொன்னாள்: "அம்மா ஒரு மஞ்சப் பட்டு வெச்சிருந்தாங்க. அண்ணன் கல்யாணத்துக்குக் கட்டுங்கம்மான்னா, உன் கல்யாணத்துக்குன்னாங்க. என் கல்யாணத்துல, பேரப்பிள்ளை ஞானஸ்நானத்துக்குன்னாங்க. கடைசில நான்தான் கட்டிவிட்டேன். அத்தனை வருஷத்து மடிப்பு, விரியவே மாட்டேன்னுச்சு. இழுத்து இழுத்துப் புடிச்சேன்."

சவப்பெட்டியை மூடுமுன் அந்தப் பட்டை ரபேலும் பார்த்திருந்தார். எவ்வளவு புதுசாக இருக்கிறது என்று அன்று மனசுக்குள் மெச்சியதும் அவருக்கு நினைவு வந்தது. கையிலிருந்த ஒடிந்த நாக்கை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஓர் உலோகத் துண்டைப் புல்லுக்குள் வீசினார். அது எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்க்கவும் இல்லை.

மேடு இன்னும் தூரம். இன்பராணியின் முழங்கால் அந்தச் சேற்றுக்கு ஒத்துவராது. அவள் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள். ரபேலுக்குப் போன வருஷத்து மௌனம் ஞாபகம் வந்தது.

அப்போது ட்ரெய்லரில் குலை ஏற்றிய ட்ராக்டர் ஒன்று பின்னாலிருந்து வந்தது. ஓட்டியவன் ஓர் இந்தோனேசியப் பையன். கல்லறை மேடு என்று ரபேல் மலாயில் சொன்னதும், அந்தப் பக்கம்தான் போகிறேன், ஏறுங்கள் என்று கை காட்டினான். ரபேல் குலைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி, சாக்கு விரித்து, மனைவியைத் தூக்கி உட்கார வைத்தார். அவள் பூப்பையோடு, தேர்ப் பவனியில் போகும் மாதா மாதிரி, ஆடி ஆடி மேலே போனாள்.

ரபேல் வண்டிக்குக் காவல் இருந்தார்.

வெகுநேரம் கழித்து அதே ட்ராக்டர் குலையெல்லாம் இறக்கிவிட்டு அவளோடு திரும்பி வந்தது. அவள் கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"புல்லு வெட்டினியா?"

"அந்தத் தம்பி வெட்டிக் குடுத்துச்சு. அம்மாதான் கேட்டாங்க, மாப்பிள்ளை வரலையான்னு."

"நீ என்ன சொன்ன?"

"அவரையும் டின்னுல போட்டு வெச்சிருக்கேன்னு சொன்னேன்." அவள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். "போயிட்டு வாங்க. அந்தத் தம்பி இன்னொரு நடை மேல கொண்டுபோய் விடுதாம்."

"வண்டி?"

"சக்கரம் ஆடற வண்டிய எவன் தூக்கிட்டுப் போவான்? போங்க."

ரபேல் கிரீஸ் கையைத் தன் நல்ல சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, காலி ட்ரெய்லரில் ஏறினார்.