அமாவாசையும் ஐந்து சர்வர்களும்

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: வேலை ஒழுங்காக நடந்தால், நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெங்களூரில் பதினோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஆரணிக்கே திரும்பி வந்தவள் நான். பட்டு நூல் கடை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். நெசவு செய்பவர்கள் புடவைகளைப் போட்டோ எடுத்து எங்கள் இணையதளத்தில் ஏற்றுவார்கள். வெளியூர் ஜவுளிக் கடைக்காரர்கள் 'மாம்பழக் கலர், அரக்கு பார்டர்' என்று தேடி வாங்குவார்கள். அந்தத் தேடல் மூன்று சர்வர்களில் ஓடுகிறது. புடவை விவரங்களைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நகல் எடுத்து, கன்டெய்னர் என்கிற சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டு வைத்திருக்கிறோம். எந்தப் பெட்டி எந்த சர்வரில் ஓட வேண்டும், ஒன்று விழுந்தால் எப்படி எழுப்புவது என்பதையெல்லாம் ஒரு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆபீஸில் அதற்கு மேஸ்திரி என்று பெயர். அந்த மேஸ்திரியைக் கட்டி மேய்ப்பது நானும் என்னோடு வேலை செய்யும் இளங்கோவும்.

இரண்டும் ஒரே வீட்டில்

வந்த புதிதில் ஒரு நாள் காலை ஒரு சர்வர் படுத்துவிட்டது. நகல்தான் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். அப்போது தேவகியிடமிருந்து போன். முள்ளிப்பட்டில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலைக் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர் அவர். அவருடைய புடவை ஒன்றுகூடத் தேடலில் வரவில்லையாம். பார்த்தால், அசல் இருந்த பெட்டியையும் நகல் இருந்த பெட்டியையும் மேஸ்திரி அதே சர்வரில் வைத்திருந்தார். பிரித்து வை என்று நான் சொல்லவில்லை, அவரும் வைக்கவில்லை. சர்வர் எழுந்து வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சேத்துப்பட்டுக் கடைக்காரர் ஒருவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்.

மழுப்ப மனம் வரவில்லை. நடந்ததைத் தேவகியிடம் அப்படியே சொன்னேன். அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"ஒரே டிசைனுக்கு ரெண்டு பாவு குடுத்தா ரெண்டு தெருவுல குடுப்போம்ங்க. ஒரு வூட்ல தீட்டுன்னு தறி நின்னாலும் இன்னொண்ணு ஓடிகினு இருக்கும். இதுகூடவா உங்க மேஸ்திரிக்குத் தெரியாது?"

டிராயரில் ஒரு தாள்

அன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். தட்சிணாமூர்த்தி ஐயா பட்டு வியாபாரத்தில் பழுத்தவர்; யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. டிராயரைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். சென்னைக் கம்பெனி ஒன்று இதே வேலையைத் தாங்கள் பார்த்துத் தருவதாகக் கொடுத்திருந்த கொட்டேஷன்.

மகளை இங்கே பள்ளியில் சேர்த்தாயிற்று. கணவருக்குக் களம்பூர் அரிசி ஆலையில் வேலை. இந்த வேலை போனால் நான் மட்டும் திரும்பவும் பெங்களூர் ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் பஸ் பிடிக்க வேண்டியதுதான். முதலாளி தாளை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார்.

"இன்னொரு தபா வுழுந்துச்சின்னா அவங்களாண்ட குடுத்துடுவேன். தப்பா நெனச்சிக்காதம்மா."

பந்திக்கு நடுவில்

அசலையும் நகலையும் வேறு வேறு சர்வருக்குப் பிரித்தோம். அத்தோடு, கூட்டம் வந்தால் தானாகவே புது சர்வரைச் சேர்த்துக்கொள் என்று மேஸ்திரிக்குச் சொல்லி வைத்தோம். நன்றாகத்தான் சேர்த்தார். ஆனால் புதிதாக வருகிற சர்வர் வெறுங்கையோடு அல்லவா வருகிறது? ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மூன்றும், வாடிக்கையாளரையும் கவனித்துக்கொண்டு, புது ஆளுக்கு விவரங்களையும் வாரிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தேடல் முன்பைவிட மெதுவாகிவிட்டது. புது சர்வர் தயாரானபோது கூட்டமே கலைந்துபோயிருந்தது. இளங்கோ திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"பந்தி நடுவுல ஒத்தாசைக்குன்னு ஒருத்தர கூப்ட்டோம்கா. இப்ப அவருக்கும் சேத்து நாமதான் பரிமாறிகினு இருக்கோம்."

தறிக்கு லீவு

தானாகச் சேர்க்கும் ஏற்பாட்டை நிறுத்தினோம். அப்படியானால் கூட்டம் வருவதற்கு முன்பே நாங்களே சர்வர் சேர்க்க வேண்டும். எப்போது வரும் என்பதுதான் தெரியவில்லை. மாதத்தில் ஒரு நாள் மட்டும் கூட்டம் எகிறும். தேதியும் ஒத்துவரவில்லை, கிழமையும் ஒத்துவரவில்லை. மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

இதற்கிடையே மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு போட வேண்டியிருந்தது. சர்வர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி எழுப்புகிற வேலை. அமைதியான நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டும். எனக்குப் புத்திசாலித்தனமாக ஒன்று தோன்றியது. அமாவாசை அன்று ஊரில் தறி ஓடாது. அதைவிட நல்ல நாள் கிடைக்குமா? முதல் சர்வரை நிறுத்தினேன். மதியம் இரண்டு மணியிலிருந்து புடவைகள் வந்து குவிய ஆரம்பித்தன. இருந்த இரண்டு சர்வரும் திணறின. தேவகி சொன்ன மாதிரி அசலையும் நகலையும் தெருவாரியாகப் பிரித்து வைத்த புண்ணியத்தில் தேடல் விழவில்லை; ஆனால் மதியம் ஏற்றிய புடவை கண்ணில் பட மாலை ஆயிற்று. விழவில்லை, உட்கார்ந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் டிராயரைப் பார்த்தார், திறக்கவில்லை. நான் தேவகிக்குப் போன் செய்து, லீவு நாளில் எல்லோரும் ஏன் இப்படி ஏற்றுகிறீர்கள் என்று பாவமாகக் கேட்டேன்.

"தறி ஓடற அன்னிக்கு போட்டோ புடிக்க ஏதுங்க நேரம்? மாசம் பூரா நெய்ஞ்சத அமாவாசைக்கு அமாவாசை படையல் போட்டு சாப்ட்டுட்டுதான ஏத்தறோம்."

ஆடி அமாவாசை

பழைய கணக்குகளை எடுத்துக் காலண்டரோடு ஒப்பிட்டேன். எகிறிய நாள் ஒவ்வொன்றும் அமாவாசை. களம்பூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்குத் தறிக்கு லீவு என்பது வரைதான் தெரியும். லீவில் என்ன செய்வார்கள் என்பது தெரியவில்லை. அடுத்து வந்தது ஆடி அமாவாசை. ஆவணி முகூர்த்தங்களுக்குக் கடைக்காரர்கள் பொறுக்கியெடுக்கிற நேரம் வேறு. முந்தின நாள் காலையிலேயே இரண்டு சர்வர்களைச் சேர்த்தோம். ஐந்துக்கும் விவரங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன என்று பார்த்த பிறகே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் முதலாளி தன் வீட்டுப் படையலை முடித்துவிட்டு நேராக மாடிக்கு வந்து, என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் அந்தக் கொட்டேஷன். இரண்டு மணிக்குக் கூட்டம் ஏறியது, மூன்றுக்கு உச்சம். தேவகி ஒரே மூச்சில் நாற்பது புடவைகளை ஏற்றினார். ஐந்து சர்வரும் அசரவில்லை. ஏற்றிய புடவையை முதலாளியே தன் போனில் தேடிப் பார்த்தார், உடனே வந்தது. ஐந்து மணிக்குக் கூட்டம் இறங்கியது. நான் ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை.

இரண்டு மணியிலிருந்து பார்க்கிறேன், நீ ஒன்றுமே செய்யவில்லையே என்றார். அதற்குச் சம்பளம் வாங்குவதுதான் எங்கள் தொழில் என்று இளங்கோ முணுமுணுத்தான். முதலாளி எழுந்து, கையிலிருந்த கொட்டேஷனைக் கவிழ்த்து, வெற்றுப் பக்கம் மேலே தெரியும்படி என் மேஜையில் வைத்தார்.

"வர்ற அமாவாசை எல்லாத்தியும் இதுல எழுதி ஒட்டி வையிம்மா, மறந்துடப் போற."

இப்போது என் மேஜையில் மூன்று திரைகள், சுவரில் அந்த ஒரு தாள். காலையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது தாளைத்தான்.