கேட்டுக்கு வைத்த இரண்டாவது பிரிண்டர்

எழுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. அங்கே ஒரே ஒரு பிரிண்டர்தான். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகளுக்கான கேட் பாஸ் அதில்தான் அடித்து வரும். அதை வாங்கிப் போக மெயின் கேட்டிலிருந்து ஒரு குமாஸ்தா நாளைக்கு நாலு தடவை சைக்கிள் மிதித்து வருவார். கொருக்குப்பேட்டைக்காரர்.

"இன்னா மிஸ்ஸு, பாஸு ரெடியா கீதா? லாரிக்காரன் என் உசுர வாங்குறான்" என்று சொல்லிக்கொண்டேதான் நுழைவார்.

"வாங்கட்டும். ஏசியில ரெண்டு நிமிஷம் நின்னா கொறஞ்சா போயிடுவீங்க?" என்பேன். நிற்பார். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் தினமும் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்தேன். வயசாகிவிட்டது, இனி சொல்ல என்ன வெட்கம்?

ஒரு நாள் மேனேஜர், கேட்டிலேயே இன்னொரு பிரிண்டர் வைத்துவிட்டால் அலைச்சல் மிச்சம் என்றார். அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதை வைத்துவிட்டால் அவர் ஏன் இங்கே வரப்போகிறார்? ஆனால் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய எனக்குக் கை வராது. கேபிள் இழுத்து முடித்ததும் புது பிரிண்டருக்கு 'கேட்' என்று பெயர் கொடுத்து, கம்ப்யூட்டரில் பதிந்து, சோதனைக்கு ஒரு பாஸ் அனுப்பினேன். உடனே போன் அடித்தது.

"இன்னா மிஸ்ஸு இது? ஒரே கொக்கி கொக்கியா வந்துகினு கீது!"

கேபிளில் எழுத்துகளை அனுப்ப நான் கம்ப்யூட்டரில் பதிந்த வேகமும் அந்தப் பிரிண்டர் வாங்கும் வேகமும் ஒத்துப்போகவில்லை. அப்படியே விட்டுத் தொலைத்திருக்கலாம். பாழாய்ப்போன ரோஷம், சரிசெய்து மறுபடி அனுப்பினேன்.

"இப்ப ஷோக்கா கீது" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அதோடு சைக்கிள் நின்றது. மூன்றாவது வாரம், சத்தியமாகக் கைமறதியில், 'கேட்' என்று குறிக்காமல் ஒரு பாஸை அனுப்பிவிட்டேன். பெயர் குறிக்காவிட்டால் எல்லாம் பழைய பிரிண்டருக்கே போகும். என் பக்கத்திலேயே படபடவென்று அடித்து வந்தது. கொஞ்ச நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க அவர் வந்து நின்றார். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரம் மறுபடி மறந்தேன். அது மறதியில்லை. மேனேஜர் கூப்பிட்டுக் காய்ச்சினார், அதற்குப் பிறகு ஒழுங்காகப் பெயர் குறித்தே அனுப்பினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அவரே வந்தார்.

"பாஸு வரல மிஸ்ஸு."

கம்ப்யூட்டரில் பார்த்தேன். 'கேட்' என்று குறித்துத்தான் அனுப்பியிருந்தேன். எதுவும் தேங்கி நிற்கவில்லை, அடித்து முடித்தாயிற்று. நிமிர்ந்தால், அவர் சட்டைப் பையில் ஒரு தாள் நாலாக மடித்துச் செருகியிருந்தது. அன்றைய பாஸின் எண் வெளியே தெரிந்தது.

வாயாடி என்று பேரெடுத்தவள் நான்.  அன்றைக்குப் பார்த்து, அந்தத் தாளைப் பற்றிக் கேட்காமல் இன்னொரு பாஸ் அடித்துக் கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டு, ஏசியில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே அவருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. நான் லீவில் இருந்த நாளில் சொல்லிக்கொண்டு போக வந்தாராம்.

"பாக்கெட்ல இன்னா சார் அது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஐயோ, இப்போதும் கேட்க ஆசையாக இருக்கிறது.