கம்பித் தடுப்புக்குள் ஒரு சுறா

நகரத்துக்குக் குடிநீர் இறைக்கும் நிலையத்தில் அவளுக்கு முக்குளிக்கும் வேலை. ஆற்றுத் தண்ணீர் உள்ளே நுழையும் வாயிலில் இரும்புக் கம்பித் தடுப்பு உண்டு. அங்கே அடைத்துக்கொள்ளும் கட்டை, கந்தல் எல்லாவற்றையும், கண் தெரியாத கலங்கலில் கையால் துழாவி எடுப்பாள். மேலே கயிறு பிடிப்பவன் அவள் கணவன். வீட்டில் இருவருக்கும் வாய் ஓயாது. கயிற்றில் மட்டும் ஒரு பிசகு வந்ததில்லை.

அன்று, தடுப்புக்கு உட்புறம் வெகுநாளாக யாரும் இறங்காத தொட்டியில், உள்ளே புகுந்துவிட்ட குப்பையை எடுக்க இறங்கியவளின் முழங்கையை ஏதோ உரசிக்கொண்டு போனது. உப்புத்தாள் தேய்த்ததுபோல் எரிந்தது. கயிற்றை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்தாள். கணவன் அரக்கப்பரக்கத் தூக்கினான்.

"உள்ள சுறா இருக்கு."

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். "கடல் எங்க, நாம எங்க? ஆத்துல ஏதும்மா சுறா?"

அவள் தோல் உரிந்த முழங்கையை நீட்டினாள். அவர் சிரிப்பு அடங்கியது. பம்பை நிறுத்திவிட்டு மீன்துறைக்குப் போன் போட்டார்.

வந்த அதிகாரி, தொட்டியில் துடுப்பு தெரிந்ததுமே தலையாட்டினார். "முக்கால்வாசி சுறா நல்ல தண்ணியில பிழைக்காது. காளைச் சுறான்னு ஒண்ணு இருக்கு, அது உடம்புல இருக்கிற உப்பை விடாம பிடிச்சு வச்சுக்கும். குட்டிங்க ஆத்துல ஏறி வந்து வளரும். இது சின்னதா இருந்தப்ப, அதோ அந்த வளைஞ்ச கம்பி வழியா நுழைஞ்சிருக்கும். இப்ப உடம்பு கொள்ளல."

"அடிச்சுத் தூக்கிடலாமா?" என்றார் மேற்பார்வையாளர். "ஊருக்குத் தண்ணி போகணுமே."

தடுப்பைத் தூக்கினால் சுறா தானாகவே ஆற்றுக்குப் போய்விடும். ஆனால் தூக்கும் சங்கிலி கழன்று கிடந்தது. யாராவது கீழே போய்க் கொக்கியை மாட்ட வேண்டும்.

"ஆத்துப் பக்கமா நான் இறங்கறேன்" என்றாள்.

கணவன் குறுக்கே வந்து நின்றான். "கிறுக்கா உனக்கு? அப்புறம் எனக்கு யாரு சோறு போடுவா?"

"தினமும் நீங்கதானே சமைக்கிறீங்க?"

இறங்கினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அது முட்டியது. அதிர்வில் உள்ளங்கை மரத்துப்போய்க் கொக்கி நழுவியது. சேற்றில் தடவி எடுத்தாள். ஒருவழியாக மாட்டி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, கயிற்றை ஒரு முறை இழுத்தாள். சங்கிலி இறுகித் தடுப்பு மெல்ல எழும்பியது. கனத்த ஏதோ ஒன்று தண்ணீரை அவள் மார்பில் மோதித் தள்ளிவிட்டுக் கடந்து போனது.

கரையில் எல்லாரும் கத்தினார்கள். நடு ஆற்றில் ஒரு துடுப்பு தலைகாட்டி மறைந்தது.

மேலே வந்தவளுக்கு முதல் வேலை, கணவனின் விரல்களைக் கயிற்றிலிருந்து பிரித்தெடுப்பது. அவை விறைத்துப் போயிருந்தன.

"அது கடலுக்குப் போய்ச் சேர்ந்துடுமா சார்?" என்று அதிகாரியிடம் கேட்டாள்.

"இந்த ஜாதிக்கு ஆறு, கடல் ரெண்டும் பழக்கம்தாம்மா."

மறுபடி இறக்கிய தடுப்பில் கட்டைகள் அப்படியே கிடந்தன. எடுக்காமல் பம்பை ஓட்ட முடியாது. சூடாக ஒரு டீ குடித்துவிட்டு அவள் மறுபடி இறங்கினாள். சாயங்காலம் வீடுகளில் வழக்கம்போலக் குழாயில் தண்ணீர் வந்தது.