ஒரே நம்பர் நூலும் கரணப் புறாவும்

எடப்பாடியில் அன்று மாடி நிறைய ஆள். எங்கள் ஜவுளி முதலாளியின் புதுப் புறாக் குஞ்சுகள் முதல் தடவை பறக்கப் போகின்றன என்று தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அவர் புறாக்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நான். கூண்டைத் திறந்தேன். ஒன்று ஆள் உயரம் எழும்பி, பின்பக்கமாகச் சுழன்று சுழன்று தரையில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

"தீனிக் கம்புல என்னத்தடா கலந்தே?" என்றார் முதலாளி.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. சாயம் போட்ட நூல் காயும் தெருவில் புறா நிழல் ஓடும். இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிற்பாடு நாமக்கல் வரை என்னைக் கேட்காமல் எவரும் புறா ஜோடி போட்டதில்லை. அன்றைக்கு வேலையே போகிற நிலை.

வானத்தில் கரணம் அடிப்பதில் பேர்போன ஆண் புறா எங்களிடம் இருந்தது. அதன் கூடப்பிறந்த பெட்டையும் அதே மாதிரி. விழுந்த குஞ்சுகள் இவை போட்டவை. ரெண்டையும் சேர்க்கச் சொன்னவர் முதலாளிதான். "நெடுக்க ஓடற பாவுக்கும் குறுக்க ஓடற ஊடைக்கும் ஒரே நம்பர் நூல் போட்டாத்தான் சேலை சீரா வரும். ரத்தமும் அப்படித்தான்டா."

கூண்டிலேயே கிடந்து பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். "கரணமுங்கிறதே ஒரு நோவுங்க. கொஞ்சம் இருந்தா அழகு. ரெண்டு பக்கமும் சேந்து எறங்குனாப் பறக்க உடாதுங்க. ஆணைச் சாதாப் பெட்டையோட சேத்துப் பாக்கலாமுங்க."

"கோபுரத்துப் புறாவையா எம்பட ஊட்டுக்குக் கொண்டாரே?" மாடியே சிரித்தது. "செரி. அதோட குஞ்சும் உழுந்துச்சுன்னா கூண்டுச் சாவியக் குடுத்துட்டு நடையக் கட்டு. உழுந்த குஞ்சு ரெண்டையும் கழுத்தத் திருகிப் போடு."

அதை மட்டும் நான் செய்யவில்லை.

அந்த ஆணுக்குச் சாதாப் பெட்டையிடம் பிறந்த குஞ்சுகள் நன்றாகப் பறந்தன, கரணம்தான் இல்லை. "காக்கா வளக்கறீங்களாக்கும்?" என்று தறிக்காரர்கள் கேட்டார்கள். நான் அசரவில்லை. அவற்றில் ஒரு பெட்டையை, வெளியூரில் வாங்கிய கரணப் புறாவோடு ஜோடி போட்டேன்.

அதன் குஞ்சைப் பறக்கவிட்ட அன்று முதலாளி மாடி ஏறவில்லை. வாசலில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விழுந்த பழைய குஞ்சுகள் ரெண்டும் அவர் காலடியில் கம்பு பொறுக்கின. கொஞ்ச நாளாக அவரே தீனி போட்டு வந்தார்.

மேலிருந்து சொன்னேன். "ரெண்டு கரணமுங்க."

முன்பெல்லாம் பத்துக்குக் குறைந்தால் முகம் சுளிப்பவர். "அதக் கேக்கலடா. எறங்குச்சா?"

"கூண்டு மேல நிக்குதுங்க."

அவர் திரும்பவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாவி என் மடியிலேயே இருந்தது.

இன்றும் ஜோடி கேட்டு வருகிற பையன்கள் எத்தனை கரணம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அப்பனும் ஆத்தாளும் ஒழுங்காகத் தரையிறங்கினவையா என்று கேளுங்கள் என்பேன். இந்தத் தொழிலில் நான் கற்றது அவ்வளவுதான். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.