மடுகரை வண்டிப்பாதை

மடுகரைக்கு அருகே ஒரு நிலத்தை மனைகளாகப் பிரிக்க அளந்துகொண்டிருந்தபோதுதான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கைகள் முழுக்கக் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். ஜேசிபி சமன்செய்த வெற்றுநிலத்தில் நேராக வராமல், வளைந்து வளைந்து நடந்து வந்தார்.

"நேரா வரலாமேம்மா" என்றேன்.

"ரோடு இப்டித்தான சார் போவுது?"

"இங்க ஏதும்மா ரோடு?"

"இன்னா சார் இப்டி கேக்கற? நான் கண்ணாலமாயி மாட்டுவண்டில வந்தது இதுலதான். எங்க வூட்டுக்காரரத் தூக்கினு போனதும் இதுலதான். பின்னால கீற என் கரும்புக்கு வேற வழி ஏது?"

என்னிடமிருந்த பழைய வரைபடத்தில் அந்தப் பாதை புள்ளிக்கோடாக இருந்தது. புதியதில் இல்லை. நிலத்தை வாங்கி மனை போட்டு விற்கிற, எனக்குக் கூலி கொடுக்கும் மனைக்காரர் பக்கத்திலேயே நின்றார்.

"ரெக்கார்டுல இல்லம்மா" என்றேன்.

அந்த அம்மாள் வந்த மாதிரியே வளைந்து வளைந்து திரும்பிப் போய்விட்டார்.

ஒரு மாதத்துக்குள் சுற்றுச்சுவர் எழும்பியது. லாரி நுழைய வழியில்லாமல் அவருடைய கரும்பு வெட்டாமலே காய்ந்தது. அடுத்த வருடம் அந்த நிலத்தையும் அதே மனைக்காரர் அடிமாட்டு விலைக்கு வாங்கினார். அளக்க என்னைத்தான் கூப்பிட்டார்.

கல் நடும் இடத்தில் அந்த அம்மாள் நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எம்மா நேரமா வெயில்ல நிக்கற சார், தண்ணி குடிக்கிறியா?" என்று பாட்டிலை நீட்டினார். அந்தக் குரலில் கேலி இல்லை. வாங்கிக் குடித்தேன்.

அன்று இரண்டு வார்த்தை திட்டியிருந்தால், இந்நேரம் அவரை மறந்திருப்பேன்.