தாழ்ப்பாள் அக்கா

பேருந்து நிலையத்தின் பெண்கள் கழிவறைக்கு அவள் வேலைக்கு வந்த முதல் நாள், காண்டிராக்டர் துடைப்பம், பினாயில், பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "வேற என்னம்மா வேணும்?" என்று கேட்டார். "ஆறு தாப்பா வேணும் சார்" என்றாள். உள்ளே இருந்தவை ஆறு அறைகள். ஆறு கதவுகளிலும் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள்தான் மிச்சம். அப்புறம் பார்க்கலாம் என்று அவர் இழுத்தார். இவள் விடுகிற ஆளா? அவர் போகிற பக்கமெல்லாம் போய் நின்றாள். சாப்பிடப் போனால் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றாள். "சார், தாப்பா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஐந்தாம் நாள் மனுஷர் தொல்லை தாங்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் தாழ்ப்பாள் அக்கா என்ற பெயர்.

சுத்தம் செய்வதென்றால் தண்ணீரை வாரி இறைப்பது என்று நினைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. தரை காய்ந்திருக்க வேண்டும் என்பாள். பயணத்தில் வருகிற பெண் ஒரு கையில் பையைப் பிடித்து, இன்னொரு கையால் உடை நனையாமல் தூக்கிக்கொண்டால், கதவைச் சாத்த மூன்றாவது கைக்கு எங்கே போவாள்? அதனால் ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் பை மாட்ட ஒரு கொக்கி அடித்தாள். சிவப்பு வாளி கழிப்பிடத்துக்கு, நீல வாளி கை கழுவும் தொட்டிக்கு. இரண்டையும் மாற்றி எடுத்த மாலை ஷிப்டுக்காரியுடன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆசிட் ஊற்றிய இடத்தின் பக்கம் பிளீச்சிங் பவுடரைக் கொண்டுபோக மாட்டாள். அந்த இரண்டும் சேர்ந்து கிளப்பும் புகையில் ஒருமுறை மாட்டி, மூன்று நாள் இருமி இருமி ஓய்ந்தவள் அவள். பினாயில் வாடை தூக்கலாக அடித்தால் அங்கே எதையோ மறைக்கிறார்கள் என்று பொருள், சுத்தமான அறைக்கு எந்த வாடையும் இருக்காது என்பது அவள் கட்சி.

இவ்வளவுக்கும் அவள் அதற்கு முன்பு வேலை பார்த்தது ஆறு மாடி அலுவலகம் ஒன்றில். பளிங்குத் தரை, ஏசி, கை நீட்டினால் தானாகத் தண்ணீர் கொட்டும் குழாய். அதை உதறிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போகிறேன் என்றதும் அங்கிருந்த சூப்பர்வைசர் வாயைப் பிளந்தார். "புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு? அங்க மூக்கைப் பிடிச்சிக்கிட்டுக்கூட உள்ள போக முடியாதே" என்றார். "அதனாலதான் சார் போறேன்" என்றாள் அவள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமானால் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது அவளுக்குப் பதினான்கு வயது, தங்கைக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று இருந்தது ஒரே ஒரு கழிவறை. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சின்னவள் அசிங்கம் என்றால் சுருங்கிப்போகிற சுபாவம். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முடியாமல் போகிற நாளில் அக்காவைத் தேடி வருவாள். "அக்கா, கொஞ்சம் வந்து நில்லுக்கா" என்பாள். பெரியவள் வெளியில் நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள்.

அன்று மதியம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஓட்டப்பந்தயத்துக்குத் தேர்வானவர்களின் பெயர்களைப் பலகையில் ஒட்டுவதாகத் தோழிகள் கத்திக்கொண்டே ஓடினார்கள். ஒரு நிமிஷம்தானே என்று இவளும் கதவை விட்டுவிட்டு ஓடினாள். பலகையில் அவள் பெயர் இருந்தது. குதித்துக் கும்மாளம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது கதவு காற்றில் விரியத் திறந்து கிடந்தது. எதிரே சாப்பாட்டுத் தட்டுகளோடு வரிசையில் நின்ற பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் நேராக வீட்டுக்கு நடந்தாள்.

அம்மா பெரியவளைத்தான் முதலில் பிடித்தாள். "நீ எங்கடி போன?" என்று கேட்டாள். அடிக்குப் பயந்து இவள் சொன்னாள்: "நான் அங்கதான்மா நின்னேன். அவதான் பாதியிலேயே கதவைத் திறந்துட்டா." அம்மா அதை நம்பிவிட்டாள். தங்கை அக்காவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அதன் பிறகு தலைகீழாக நின்று பார்த்தும் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியவில்லை. பதினெட்டு வயதில் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அம்மா இறந்தபோது வந்தவள் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு விலாசமும் இல்லை, போன் நம்பரும் இல்லை.

நான்கு வருஷங்களுக்கு முன்பு அத்தை மகன் ஒருவன்தான் அந்தத் தகவலைச் சொன்னான். "உன் தங்கச்சி ஏதோ தையல் ஆலைக்கு வேலைக்குப் போறாளாம். உங்க ஊர் ஸ்டாண்டு வழியாதான் அவ பஸ்சு. எந்த பஸ்சுன்னு தெரியல." அன்றிரவே அவள் முடிவு பண்ணிவிட்டாள். ஸ்டாண்டுக்கு வருகிற எந்தப் பெண்ணும் என்றாவது ஒருநாள் கழிவறைக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஆனால் அழுக்கு என்று காதில் விழுந்தால்கூடச் சின்னவள் எட்டிப் பார்க்க மாட்டாள். ஆகவே அந்த இடம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். இதுதான் அவள் போட்ட கணக்கு. கிறுக்குத்தனமான கணக்குதான், ஆனால் அவள் முழுசாக நம்பினாள்.

பஸ் பஸ்ஸாக ஏறித் தேடியிருக்கலாமே என்று கேட்கலாம். முதல் மாதம் அதற்கும் முயன்று, படியில் கால் வைத்ததுமே கண்டக்டர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மேலும், பிடித்து இழுத்து வைத்துப் பேசுகிற உரிமை தனக்கு இல்லை என்பது அவளுக்கே தெரியும். சின்னவள் தானாக வர வேண்டும். வந்தால், நான் அன்றைக்கு அங்கே நிற்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. வேலை இல்லாத நேரமெல்லாம் வாசலில் நின்று, வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருப்பாள். நாளொன்றுக்கு நூறு பேர் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் திக்கென்றது.

அவளுக்கு ஒரு விளம்பரதாரரும் கிடைத்தார். மதியம் பன்னிரண்டு பத்துக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டர், எல்லோரும் விசில் என்று கூப்பிடுகிற மனிதர். வண்டி நின்றதும், "பத்து நிமிஷம் நிக்கும். லேடீஸ் தைரியமா இறங்கிப் போலாம். இங்க இருக்கிற சுத்தம் நம்ம வீட்டுலகூட இருக்காது" என்று தினமும் கூவுவார். அவர் மனைவி இதைக் கேட்டால் என்ன ஆவாரோ தெரியாது.

ஒருநாள் காலையில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. சொட்டுத் தண்ணீர் இல்லை. காண்டிராக்டர் வந்து பார்த்துவிட்டு, "பூட்டிடும்மா. சரி பண்ண ரெண்டு நாளாகும்" என்றார்.

"பூட்ட முடியாது சார்."

"தண்ணி இல்லாம என்ன பண்ணப் போற?"

"அது என் பாடு."

நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அதைப் பூட்டவிட்டதில்லை. பூட்டுகிற நாளில்தான் சின்னவள் வருவாள் என்று ஒரு பயம். ஸ்டாண்டின் மறுகோடியில் பஸ் கழுவுகிற தொட்டி இருந்தது. அங்கிருந்து வாளி வாளியாகச் சுமந்தாள். ஐம்பத்து மூன்று வயசு இடுப்பு சும்மா இருக்குமா? பத்தாவது நடையிலேயே கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஆறு அறைகளிலும் நிரம்பிய வாளிகள் இருந்தன, தரை காய்ந்திருந்தது.

கை கழுவும் தொட்டிக்கான நீல வாளியையும் கடைசியாகக் கொண்டுவந்து இறக்கி நிமிர்ந்தபோது, இடுப்பில் கை வைத்து அழுத்திக்கொண்டே ஒரு பெண் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். முன்முடி நரைத்திருந்தது, முகம் வெளுத்திருந்தது. தாழ்ப்பாள் அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்னவள் அவளைத் தாண்டிப் போய் ஓர் அறைக்குள் நுழைந்து தாழிட்டுக்கொண்டாள்.

வெளியே வந்தவள் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. பெரியவள் நீல வாளியிலிருந்து மொண்டு அவள் கைகளில் ஊற்றினாள். சின்னவள் மறுக்கவில்லை. சோப்பை எடுத்து நிதானமாகத் தேய்த்தாள்.

"எத்தனை நாளா இந்த வழியா போற?"

"நாலு வருஷமா. தினமும் பன்னெண்டு பத்து."

"ஒருநாள்கூட இறங்கலையே. அழுக்கா இருக்கும்னு நெனச்சியா?"

"அழுக்குக்கு என்ன, அந்தக் கண்டக்டர்தான் தினம் கத்துறாரே." சின்னவள் கையையே பார்த்துக்கொண்டு பேசினாள். "நீ வாசல்ல நிப்ப. அதனாலதான் இறங்கல. உன்னைப் பார்த்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுட்டு அடக்கிக்கிட்டு உக்காந்துடுவேன்."

மொண்ட தண்ணீர் பாதி தரையில் கொட்டியது.

"அப்ப இன்னிக்கு?"

"சிறுநீரகம் கெட்டுப்போயிட்டு வருதாம். தண்ணி குடிக்காம அடக்கி அடக்கியே வந்ததாம். இனிமே ஒரு தடவைகூட அடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேற வழியில்ல, இறங்கிட்டேன்."

தங்கைக்காக ஆறு அறைகளையும் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு, அவள் வந்துவிடாதபடி வாசலை மறித்துக்கொண்டு நின்றதும் தானேதான் என்பது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் பக்கமிருந்து விசில் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு நான் கதவுகிட்ட நிக்கல குட்டி. ஓடிட்டேன்."

"அது எனக்குத் தெரியாதா? உள்ள இருந்து மூணு தடவை கூப்பிட்டேனே. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. அம்மாகிட்ட சொல்லியிருக்கணும்." சின்னவள் முதல்முறையாக நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். "சாகுறவரைக்கும் என்னைத்தான் மானங்கெட்டவன்னு நெனச்சுக்கிட்டுப் போனா."

அம்மா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மறுபடியும் விசில் அடித்தது. சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"குட்டி, நாளையிலேர்ந்து உன் பஸ்சு வர்ற நேரத்துக்கு நான் இங்க நிக்க மாட்டேன். பின்னாடி போயிடுவேன். நீ பயப்படாம இறங்கி வா. அடக்காத."

சின்னவள் ஒரு கணம் நின்றாள். அவள் ஏறியதும் பஸ் கிளம்பியது.

மறுநாள் பன்னிரண்டு ஐந்துக்கு அவள் எல்லா வாளிகளையும் நிரப்பிவிட்டு, கட்டடத்தின் பின்புறம் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். எட்டிப் பார்க்கச் சொல்லி மனசு பிடுங்கித் தின்றது. முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பஸ் வந்து நின்றது. விசில் வழக்கம்போல் கூவினார். தலைக்கு மேலிருந்த காற்றுத் துளை வழியாகக் காலடிகள் கேட்டன, கதவுகள் சாத்துகிற சத்தமும் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டன. எத்தனை வருஷம் ஆனாலும் தங்கை நடக்கிற சத்தம் தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். ஏழு பேர் வந்து போனார்கள். அதில் அவள் இருந்தாளா என்று தெரியவில்லை. பஸ் போய்விட்டது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு எழுந்துபோய்த் தரையைத் துடைத்தாள்.