மூச்சைப் பற்றி நான் சொன்ன பொய்

நான் பொய் சொன்னேன், பிள்ளைகளே. என் மகள் மலருக்கு இருந்த இழுப்பு மூச்சுப்பயிற்சியால் அடியோடு போய்விட்டது என்று ஊரறியச் சொன்னேன். போகவில்லை! இன்றைக்கும் காலையும் மாலையும் இன்ஹேலர் எடுக்கிறாள்.

இதை உங்களிடம் எதற்குச் சொல்கிறேன்? பெரியவர்களிடம் சொல்லத் துணிவில்லை... வேறென்ன?

நான் பத்தாவதுவரை படித்தவன். நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கரி கொண்டுபோகும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரிப்போடுவேன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவேன். சோற்றுத் தட்டை வீசியிருக்கிறேன். யோகா என்னை மாற்றியது, அது பொய்யில்லை! மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடப் பழகியபின், கோபம் கிளம்பும்போதே எனக்குத் தெரிந்தது. தூக்கம் வந்தது. மலர் பயமில்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

சுரங்க ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப் பூங்காவில் காலையில் யோகா வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். சுரங்கத்தில் "ஏய் கான்ட்ராக்ட்" என்று கூப்பிடும் பெர்மனென்ட் ஆட்கள், பூங்காவில் "மாஸ்டர்" என்றார்கள். அந்த ஒரு சொல்... அதற்காக எதையும் செய்திருப்பேன். செய்தேன்!

வகுப்புக்குக் கிளம்புமுன் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மலருக்கு மருந்து கொடுப்பேன். பிறகு அவளை முன்வரிசையில் உட்காரவைத்து, "பாருங்க, இழுப்பே இல்ல" என்பேன்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "ஏம்ப்பா, வகுப்புல நீதான அட்டையில சத்தியம்னு எழுதி மாட்டின?"

ஆமாம். யோகம் உடம்பை வளைப்பதில் தொடங்குவதில்லை. யாருக்கும் தீங்கு செய்யாதே, பொய் சொல்லாதே... அங்கேதான் தொடங்குகிறது. ஆசனமும் மூச்சும் அதற்குப் பிறகுதான். எல்லாம் தெரிந்த நான் மகளிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

"வாய மூடிக்கினு வா!"

வகுப்புக்கு நித்யா வந்தாள். ஒன்பது வயது. அவளுக்கும் இழுப்பு. அவள் அப்பா செல்வம் எல்லார் முன்னாலும் கேட்டார்: "மாஸ்டர், நெசமாவே மருந்த நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தி ஆறு மாசம் ஆச்சுங்க."

அவரும் நிறுத்தினார். பன்னிரண்டாம் நாள், வகுப்பின் நடுவிலேயே நித்யாவுக்கு மூச்சு முட்டியது. உதடு நீலம் பாரித்தது. விலாவெலும்பு உள்ளே உள்ளே போனது...

என் சட்டைப்பையில் மலரின் இன்ஹேலர் இருந்தது. கை அதைத் தொட்டது. எடுக்கவில்லை! எடுத்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். மலர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வம் பிள்ளையை பைக்கில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிழைத்தாள். மருத்துவர் திட்டி, மறுபடி மருந்தைத் தொடங்கினார்.

பார்க்கப் போன என் கையைச் செல்வம் பிடித்துக்கொண்டார். "தப்பு எங்க மேலதான் மாஸ்டர். உங்க மலர் எவ்ளோ ஒழுங்கா பண்ணுது! இது வெளாடிக்கினே பண்ணா எப்படி?"

நித்யா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தாள். "மாஸ்டர் அங்கிள், நான் சரியா பண்ணலியா?"

நான் என்ன சொன்னேன்? "இன்னும் கொஞ்சம் பழகணும்மா" என்றேன். நீல உதட்டைப் பார்த்த பிறகும் அதைத்தான் சொன்னேன்... நான் மனிதன்தானா?

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது இழுப்பு இருந்தால் டாக்டர் தந்த மருந்தை விடாதீர்கள். மூச்சுப்பயிற்சி மனதை அடக்கும். மருந்தின் இடத்தில் உட்காராது. இது மட்டும் முழு உண்மை.

நேற்று பூங்காவில் செல்வம் சிரித்துக்கொண்டே வந்தார். "நித்யாவுக்குப் பரீட்சை முடியட்டும் மாஸ்டர். இந்த வாட்டி நானே கூட உக்காந்து செய்ய வெக்கிறேன். மருந்த நிறுத்திப் பாத்துடலாம்."

வாயைத் திறந்தேன். சுற்றிலும் ஆட்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். "நேரமாச்சு மாஸ்டர்" என்றார் ஒருவர். வகுப்பைத் தொடங்கிவிட்டேன்.

பரீட்சை முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.